ஆயிரம் கஜமும் எளியவன் துப்பாக்கியும்

1860ஆம் ஆண்டு ஜூலை மாதம் 2ஆம் தேதி, லண்டனுக்குத் தென்மேற்கே உள்ள விம்பிள்டன் பொட்டலில் கூடாரங்களும் கொடிகளும் நிறைந்திருக்க, பிரபுக்களும் பிரமுகர்களும் தொண்டர்படை வீரர்களும் திரண்டு நின்று பார்த்துக்கொண்டிருக்க, விக்டோரியா மகாராணி ஒரு பட்டுக் கயிற்றைப் பிடித்து மெல்ல இழுத்தார். அந்தக் கயிற்றின் மறுநுனி, தாங்கி ஒன்றின்மேல் அசையாதபடி பொருத்தப்பட்டிருந்த துப்பாக்கியின் விசையோடு பிணைக்கப்பட்டிருந்தது. 400 கஜத்துக்கு அப்பால் நின்ற இலக்கின் மையத்திலிருந்து ஏறக்குறைய ஒன்றேகால் அங்குலம் தள்ளிக் குண்டு பதிந்தது. கூட்டம் ஆரவாரித்தது. பிரெஞ்சுக்காரர் படையெடுத்து வந்துவிடுவாரோ என்ற பீதியில் முந்திய ஆண்டு பிறந்திருந்த பிரிட்டிஷ் தேசியத் துப்பாக்கிச் சங்கத்தின் முதல் போட்டி இவ்விதமாக ஆரம்பமாயிற்று.

மகாராணியார் அன்று குறி பார்க்கவில்லை. பார்க்க வேண்டிய அவசியமும் இருக்கவில்லை. துப்பாக்கியை இலக்கை நோக்கி நிறுத்தி வைக்கும் வேலையைப் பிறர் முன்கூட்டியே செய்து முடித்திருந்தார்கள். அந்தத் துப்பாக்கி மான்செஸ்டர் நகரத்து யந்திர நிபுணர் ஜோசப் விட்வொர்த் உருவாக்கியது. அதன் குழலின் உட்புறம் வட்டமாக இராமல் அறுகோணமாக இருந்தது. பம்பரம் எவ்வளவு வேகமாகச் சுழல்கிறதோ அவ்வளவு நேரம் தலை சாயாமல் நிற்பதைப் போல, குழலின் உள்ளே ஓடும் சுழல்வரிகளால் முறுக்கப்பட்டு வெளியேறும் குண்டும் தக்க வேகத்தில் சுழன்றால்தான் நெடுந்தூரம் தடுமாறாமல் செல்லும். பட்டாளத்துக்கு அன்று வழங்கப்பட்டிருந்த என்ஃபீல்டு துப்பாக்கியின் சுழல்வரி 78 அங்குல நீளத்தில் ஒரு சுற்றுச் சுற்றிற்று; விட்வொர்த்தின் துப்பாக்கியிலோ 20 அங்குலத்திலேயே ஒரு சுற்று முடிந்தது. 1857இல் நடந்த சோதனைகளில் என்ஃபீல்டின் குண்டுகள் இலக்கையே காணாமல் போன தூரத்தில் விட்வொர்த்தின் குண்டுகள் வரிசையாகப் போய் விழுந்தன. ஆயினும் ராணுவ இலாகா அதை ஏற்கவில்லை. குழலில் கரி படிகிறது என்பது ஒரு காரணம். விலை ஏறக்குறைய நான்கு மடங்கு என்பது மற்றொரு காரணம்.

தொலைதூர இலக்கு என்பது தொடக்கத்திலேயே இப்படிப் பணமுள்ளவர்களின் வித்தையாக அமைந்துவிட்டது. அந்த வித்தை பின்னர் ஒரு குமாஸ்தாவின் கைக்கும், ஒரு பட்டறைத் தொழிலாளியின் கைக்கும், கோழி வளர்த்துப் பிழைத்த ஒரு பெண்மணியின் கைக்கும் எவ்வாறு வந்து சேர்ந்தது என்பதே இக்கட்டுரையின் விஷயம். தனவந்தர்களின் தாராளத்தால் அது வரவில்லை. யுத்தங்கள் மிச்சம் வைத்துப் போனவை, பட்டறைக்காரர்கள் செலவை மிச்சம் பிடித்தது ஆகிய இரண்டு மிச்சங்களால் வந்தது. விநோதம் என்னவென்றால், மலிவுக்காகச் செய்யப்பட்ட மாற்றங்கள் பலவும் குறியின் துல்லியத்தைக் குறைப்பதற்குப் பதிலாகக் கூட்டியிருக்கின்றன.

ஆயிரம் கஜத் தூரத்தில் குறி தவறாமை என்றால் என்ன என்பதை முதலில் மனத்தில் வாங்கிக்கொள்வது நல்லது. நம் ஊர் ஏரிக்கரையின் ஒரு கோடியில் படுத்துக்கொண்டு மறுகோடியில் நிற்கும் வண்டியின் சக்கரத்தைக் குறி வைப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். ஒரு பாகையை அறுபதாகப் பகுத்தால் கிடைக்கும் ஒரு கலை அளவு குழலின் முனை விலகினால், 100 கஜத்தில் குண்டு ஓர் அங்குலம் விலகும். 1,000 கஜத்தில் 10 அங்குலத்துக்கு மேல் விலகிப் போகும். வழியில் வீசும் காற்று அதைப் பக்கவாட்டில் தள்ளும். பூமி அதைக் கீழே இழுக்கும். ஒரு தோட்டாவுக்கும் அடுத்த தோட்டாவுக்கும் மருந்தின் அளவில் இம்மியளவு பேதம் இருந்தாலும் அது மேலும் கீழுமாக விழும். இத்தனை பகைகளையும் வெல்லக் கூடிய கருவியை மலிவாகச் செய்வது எப்படி என்ற கேள்விக்குப் பட்டறைகள் ஒரு நூற்றாண்டுக்கு மேல் விடை தேடின.

அமெரிக்காவில் அந்தக் கதை ஒரு வயற்காட்டில் தொடங்குகிறது. நியூயார்க்கை அடுத்த லாங் ஐலண்டில் கிரீடு என்ற குடும்பத்தாருக்குச் சொந்தமாயிருந்த நிலத்தை, 1871இல் தோன்றிய அமெரிக்கத் துப்பாக்கிச் சங்கம் அரசாங்கப் பண உதவியோடு பெற்றுச் சுடுதளம் அமைத்தது; இங்கிலாந்தின் பொட்டல்வெளிகளை நினைவூட்டிய அந்நிலத்துக்குக் கிரீட்மூர் என்று பெயர் நிலைத்தது. 1874 செப்டம்பர் 26ஆம் தேதி அங்கே அயர்லாந்து அணியும் அமெரிக்க அணியும் 800, 900, 1,000 கஜத் தூரங்களில் மோதின. அயர்லாந்துக்காரர்கள் ரிக்பி பட்டறையில் செய்த, வாய்வழியே மருந்திட்டு இடிக்கும் துப்பாக்கிகளை ஏந்தி வந்தார்கள். அமெரிக்கர்களோ ரெமிங்டன், ஷார்ப்ஸ் கம்பெனிகள் அந்தப் போட்டிக்கென்றே அவசரமாகச் செய்து கொடுத்த, பின்புறத்தில் தோட்டா நுழைக்கும் துப்பாக்கிகளை நம்பி நின்றார்கள். அயர்லாந்து வீரர் ஒருவர் மிகச் சிறந்த குறியோடு சுட்ட குண்டு, தம்முடையதல்லாத அடுத்த இலக்கின் மையத்தைத் துளைத்துக் கணக்கில் சேராமல் போயிற்று. கடைசியில் ஒரே ஒரு வேட்டு மிச்சமிருந்தபோது அயர்லாந்து 931, அமெரிக்கா 930. சுட வேண்டியவர் ஜான் போடைன் என்பவர். சற்று முன்புதான் இஞ்சி பானப் புட்டி ஒன்று உடைந்து அவர் கையைக் கிழித்திருந்தது. கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு படுத்து அவர் சுட்ட குண்டு மையத்தில் பதிந்து நான்கு புள்ளிகளைத் தந்தது. 934க்கு 931 என்ற அந்தக் கணக்கு கிரீட்மூரின் பெயரைத் தேசமெங்கும் கொண்டு சென்றது. ஆனால் அந்தப் பெயரைத் தாங்கி விற்ற துப்பாக்கியின் விலை ஒரு தொழிலாளியின் பல வாரக் கூலி. வேடிக்கை பார்க்க ஆயிரக்கணக்கானோர் வந்தார்கள். சுடுவதற்கு வரக்கூடியவர்கள் சிலரே.

இதற்கிடையில் ஐரோப்பாவின் பட்டாளங்கள் மற்றொரு பாதையில் போய்க்கொண்டிருந்தன. கதவின் தாழ்ப்பாளைத் தூக்கி, இழுத்து, தள்ளி, மடக்கிப் பூட்டுகிறோமே, அதே செய்கையைக் குழலின் பின்வாயில் செய்யும் உபாயத்தை ட்ரைஸே என்பவர் கண்டுபிடிக்க, 1841இல் பிரஷ்யா அதை அங்கீகரித்தது. தாழைத் தூக்கி இழுத்தால் வாய் திறக்கிறது; தள்ளினால் தோட்டா உள்ளே போகிறது; மடக்கினால் பூட்டு விழுகிறது. போல்ட் துப்பாக்கி என்று இன்று உலகம் வழங்குவது இதைத்தான். ஜெர்மனியில் பால் மவுசர் இந்த உபாயத்தை 1871லிருந்து படிப்படியாகச் செம்மைப்படுத்தி, 1898ஆம் ஆண்டு மாதிரியில் பூரணமாக்கினார். ஸ்காட்லாந்தில் பிறந்து கனடாவில் வளர்ந்த ஜேம்ஸ் பாரிஸ் லீ அமைத்த தாழ், 1888இல் பிரிட்டிஷ் பட்டாளத்தில் புகுந்து, 1895இல் லீ-என்ஃபீல்டு என்ற பெயர் பெற்றது. இவை லட்சக்கணக்கில் அளவு பிசகாமல் செய்யப்பட்டன. ஆகவே ஒவ்வொன்றும் மலிவு. கல்கத்தாவுக்கு அருகே ஈசாப்பூர் தொழிற்சாலையிலும் அதே லீ-என்ஃபீல்டு உருவாயிற்று; அதன் .303 தோட்டாவில் இடியாப்ப இழைபோல் நீள நீளமாக அடுக்கப்படும் கார்டைட் மருந்து, நீலகிரிச் சரிவில் அருவங்காட்டில் தயாராயிற்று. நம்முடைய போலீஸ் ஸ்டேஷன்களில் அரை நூற்றாண்டுக்கு மேலாகச் சுவரில் சாய்ந்து நின்ற துப்பாக்கி அதுதான்.

லீயின் தாழில் ஒரு குறை இருந்தது. மவுசரின் தாழ் தன் பூட்டுக் காதுகளைத் தோட்டாவுக்கு அருகிலேயே, முன்புறத்தில் மாட்டிக்கொள்ளும். லீயின் தாழோ பின்புறத்தில் பூட்டும். வெடிப்பின் அழுத்தம் தாக்கும்போது அந்த நீளமான எஃகுப் பகுதி முழுவதும் சற்றே வளைந்து நெளிய, குழலின் முனை மேலும் கீழும் துடிக்கும். சாஸ்திரப்படி இது துல்லியத்துக்குக் கேடு. குறைந்த தூரங்களில் மவுசர் வகைத் துப்பாக்கிகளே மேல் என்பது அனுபவத்திலும் தெரிந்தது. ஆனால் நெடுந்தூரத்தில் கணக்கு தலைகீழாயிற்று. மருந்து சற்றுக் குறைந்து மெதுவாகப் புறப்படும் குண்டு, குழலை விட்டு வெளியேறச் சற்று அதிக நேரம் எடுத்துக்கொள்கிறது. அந்த நேரத்துக்குள் முனை கொஞ்சம் மேலே எழும்பிவிடுகிறது. வேகமான குண்டோ முனை எழும்புமுன்பே வெளியேறிவிடுகிறது. மெதுவானது உயரமாகவும் வேகமானது தாழ்வாகவும் கிளம்பினால், 900, 1,000 கஜங்களை எட்டும்போது இரண்டும் ஒன்றையொன்று நெருங்கி வந்து விழும். மருந்தின் பேதத்தை இரும்பின் நெளிவு சரிக்கட்டிவிடுகிறது. விலை உயர்ந்த துப்பாக்கிகளை விட்டுவிட்டு, சர்க்கார் கொடுத்த சாதாரண லீ-என்ஃபீல்டோடு நெடுந்தூரப் போட்டிக்குப் போன அனுபவசாலிகள் இந்த ரகசியத்தை அறிந்தவர்கள்.

தென்னாப்பிரிக்காவில் நடந்த போயர் யுத்தம் (1899–1902) இங்கிலாந்துக்கு ஒரு கசப்பான பாடம் புகட்டியது. மவுசர் ஏந்திய குடியானவர்கள் தொலைவிலிருந்தே சிப்பாய்களை வீழ்த்தியதைக் கண்ட பிறகு, நாட்டிலுள்ள சாதாரண ஜனங்களுக்கும் குறி பார்க்கத் தெரிய வேண்டும் என்ற எண்ணம் மேலிட்டது. 1901இல் உழைப்பாளர் துப்பாக்கிக் கழகங்களுக்கென்றே ஒரு சங்கம் எழுந்தது. தளபதி ராபர்ட்ஸ் பிரபு அதை ஆதரித்து நின்றார். சிறு தோட்டா, குறுகிய தூரம், கொட்டகைக்குள்ளேயே பயிற்சி என்று செலவைச் சுருக்கி, சனிக்கிழமை மாலைகளில் ஆலைத் தொழிலாளிகள் கண்ணையும் மூச்சையும் பழக்கினார்கள். அமெரிக்காவிலோ 1905ஆம் ஆண்டுச் சட்டம், ராணுவம் கழித்துப் போட்ட துப்பாக்கிகளைக் கழகங்களுக்கு விற்க இடங்கொடுத்தது. ஸ்பிரிங்ஃபீல்டு என்ற புதுத் துப்பாக்கி வந்ததும் பழைய கிராக் துப்பாக்கி, முதல் உலக யுத்தம் முடிந்ததும் 1917 மாதிரி என்று ஒவ்வொரு தலைமுறையின் மிச்சமும் சில டாலர் விலைக்குப் பண்ணைக்காரன் கொல்லைப்புறத்துக்கு வந்து சேர்ந்தது.

ஆயுதம் எல்லாருக்கும் ஒன்றாகிவிட்டால் வெற்றி எங்கே இருக்கிறது என்பதை 1930ஆம் ஆண்டு பிஸ்லியில் உலகம் கண்டது. விம்பிள்டனை வீடுகள் சூழ்ந்துகொண்டதால் 1890இல் பிரிட்டிஷ் தேசியத் துப்பாக்கிச் சங்கம் பிஸ்லிக்குக் குடிபெயர்ந்திருந்தது. அங்கே நடைபெறும் மன்னர் பரிசுப் போட்டியின் அன்றைய விதி, பட்டாளத் துப்பாக்கியையே எல்லாரும் ஏந்த வேண்டும் என்பது. பரம்பரைப் பிரபுவும் படைச் சிப்பாயும் ஒரே மாதிரித் துப்பாக்கியோடு ஒரே புல்தரையில் படுப்பார்கள். அந்த ஆண்டு கடைசிச் சுற்றில், 900, 1,000 கஜங்களில், மார்ஜரி ஃபாஸ்டர் என்ற பெண்மணி மிஞ்சி நின்றார். அவர் அயலூரில் கோழிப்பண்ணை வைத்திருந்தவர். எதிரில் நின்றவர் ஒரு ராணுவ அதிகாரி. கடைசிக் குண்டு மையத்தில் விழுந்தால்தான் ஜயம் என்ற கட்டத்தில் ஃபாஸ்டர் அதை மையத்தில் இறக்கி, ஒரே புள்ளி வித்தியாசத்தில் பரிசை வென்றார். எழுபதாண்டுக் காலப் போட்டியில் அதுவரை எந்தப் பெண்ணும் பெறாத பரிசு அது. சக போட்டியாளர்கள் வழக்கப்படி அவரை நாற்காலியில் அமர்த்தித் தோளில் சுமந்து சென்றார்கள். அவர் கையிலிருந்ததற்கும் தோற்றவர்கள் கையிலிருந்ததற்கும் விலையில் பேதமில்லை.

ஆயினும் பட்டாளத்து மிச்சத்தில் தேர்ச்சி பெற்றவன் அதற்கு மேலும் துல்லியம் தேடும்போது நல்ல குழலைத்தான் நாடுவான். நல்ல குழலோ அபூர்வ வஸ்து. ஹாரி போப் என்ற அமெரிக்கக் கைவினைஞர் சுழல்வரி ஒவ்வொன்றையும் சிறு உளியால் மயிரிழை மயிரிழையாகச் செதுக்குவார். அவர் குழலுக்காக வாடிக்கைக்காரர்கள் நெடுங்காலம் காத்திருந்தார்கள். அந்த மனிதர் சான் பிரான்சிஸ்கோவில் புதுக் கடை திறந்த கையோடு 1906 ஏப்ரல் பூகம்பமும் தீயும் வந்து எல்லாவற்றையும் விழுங்கிவிட, மறுபடியும் கிழக்கே போய்த் தொடங்க வேண்டியதாயிற்று. இப்படி ஒரு முதியவரின் விரல்களை நம்பியிருக்கும் வரையில் துல்லியம் மலிவாக வழியேது?

வழி தொழிற்சாலையிலேயே பிறந்தது. கெட்டியான உலோகக் குமிழ் ஒன்றைக் குழலுக்குள் இழுத்துச் சுழல்வரியைச் சில நிமிஷங்களில் பதிக்கும் முறை வந்தது. ஜெர்மானியர்கள் யுத்தத் தேவைக்காகக் கண்ட, கம்பியொன்றின் மேல் குழலைச் சம்மட்டியால் சுற்றிலும் அடித்து உருவாக்கும் முறையும் பரவிற்று. ரெமிங்டன் கம்பெனியில் இருந்த மைக் வாக்கர் போட்டிச் சுடுதலில் ஆழ்ந்த ஈடுபாடு கொண்டவர். 1948இல் அவரும் சகாக்களும் வெளியிட்ட 721, 722 மாதிரிகளில், தாழை ஏந்தும் உடலை வழக்கம்போல் கனத்த எஃகுக் கட்டியிலிருந்து செதுக்காமல், உருண்டைக் கம்பியை லேத்தில் கடைந்தே எடுத்தார்கள். பின்னுதைப்பைத் தாங்கும் காதைக்கூட உடலோடு சேர்த்து வார்க்காமல், வாஷர் போன்ற தனித் தகடாக இடையில் செருகினார்கள். எல்லாம் செலவைக் குறைக்கச் செய்த யுக்திகள். ஆனால் லேத்தில் கடைந்த உருளை பிறவியிலேயே மையம் பிசகாதது. குழலும் உடலும் தாழும் ஒரே அச்சில் நிற்பது எளிதாயிற்று. பழைமையை நேசித்தவர்கள் அதன் அழகின்மையைப் பழித்தார்கள். போட்டிக்காரர்களோ வாங்கிக்கொண்டு போனார்கள். 1962இல் அதுவே கொஞ்சம் அலங்காரம் பூண்டு 700 என்ற பெயரில் வெளிவந்து, பின்னாளில் அமெரிக்க ராணுவத்தின் குறிசுடுவோர் கைக்கே போய்ச் சேர்ந்தது.

1958இல் சாவேஜ் கம்பெனி இன்னும் ஒரு படி கீழே இறங்கியது. நிக்கலஸ் புரூவர் அமைத்த அதன் 110 மாதிரிக்கு அந்த எண், 109 டாலர் 95 சென்ட் என்ற விலையிலிருந்தே வந்தது என்பார்கள். குழலுக்கும் தாழின் முகத்துக்கும் இடையே தோட்டா உட்காரும் இடைவெளி மயிரிழையும் பிசகக் கூடாது. அதைச் சரிப்படுத்துவது கைதேர்ந்த தொழிலாளியின் நெடுநேர வேலை. புரூவர், அளவுத் தோட்டா ஒன்றை உள்ளே வைத்துக் குழலை அது தொடும்வரை திருகி, வெளியே ஒரு பெரிய நட்டை இறுக்கிப் பூட்டிவிடும்படி செய்தார். அந்த நட்டைக் கண்டு பலர் முகம் சுளித்தார்கள். அது கட்டைக்கு மேலே பம்பைபோல் துருத்திக்கொண்டு நின்றது. ஆயினும் இடைவெளி ஒவ்வொரு துப்பாக்கியிலும் ஒன்றுபோல் அமைந்தது; தேய்ந்த குழலை வீட்டிலேயே கழற்றிப் புதியதை மாட்டவும் முடிந்தது. 1988இல் கம்பெனி திவாலாகும் நிலைக்குப் போய் மீண்டபோது, எல்லா மாதிரிகளையும் கைவிட்டுவிட்டு முதலில் பிடித்துக்கொண்ட துரும்பு அந்த 110தான்.

மலிவுக்கு ஒரு நிழலும் உண்டு என்பதை மறைப்பது நியாயமாகாது. இரண்டாம் உலக யுத்தத்தின் மிச்சங்கள் தபாலிலேயே வாங்கக் கிடைத்த காலத்தில், 1963 நவம்பர் 22ஆம் தேதி ஜனாதிபதி கென்னடியின் உயிரைக் குடித்தது, தொலைநோக்கியோடு சேர்த்து 19 டாலர் 95 சென்டுக்குத் தபால் மூலம் வந்த ஓர் இத்தாலியப் பட்டாளத் துப்பாக்கி. 1968ஆம் ஆண்டுச் சட்டம் அந்தத் தபால் வாசலை அடைத்தது. எளியவன் கைக்கு வந்த பொருள் பொறுப்பற்றவன் கைக்கும் வரும் என்ற துக்கத்தைச் சுடுதளத்துப் பெரியவர்களும் மறுப்பதில்லை.

கடைசியில் கதை தொடங்கிய இடத்துக்கே திரும்புகிறது. 2007இல் ஹார்னடி கம்பெனி வெளியிட்ட ஒரு புதுத் தோட்டாவுக்கு 6.5 கிரீட்மூர் என்று பெயரிட்டார்கள். மெலிந்து நீண்ட அதன் குண்டு காற்றை எளிதில் கிழித்துச் செல்வது; பின்னுதைப்பு சாந்தமானது; மருந்து அளவைக் கம்பெனி பெட்டியின்மேலேயே அச்சிட்டு, வீட்டில் தோட்டா நிரப்புவோருக்கும் ரகசியமின்றிக் கொடுத்தது. அத்தோட்டாவுக்கேற்ற மலிவான போல்ட் துப்பாக்கிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. போப்பின் காலத்தில் மாதக்கணக்கில் காத்திருந்து பெற வேண்டியிருந்த துல்லியம், கடை அலமாரியிலேயே கிடைக்கலாயிற்று. இன்று துப்பாக்கி தேடும் புதியவனுக்குக் கழகத்து முதியவர்கள் சொல்வதும் இந்த வரலாற்றின் சாரமே: கட்டையின் மினுக்கத்துக்குக் காசு கொடுக்காதே, குழலைப் பார், விசையின் மென்மையைப் பார், மிச்சத்தைத் தோட்டாவுக்கு வை, சில ஆயிரம் குண்டுகளில் குழல் தேயும், அதற்குள் நீ தேர்ந்திருக்க வேண்டும்.

பழைய கிரீட்மூர் இப்போது இல்லை. நகரம் பெருகி வந்து சுடுதளத்தைச் சூழ, அது அரசாங்கத்தின் கைக்குப் போய், அந்நிலத்தில் மனநோய் மருத்துவமனை எழுந்தது. போடைன் படுத்துச் சுட்ட புல்தரையின் பெயர் இன்று பித்தளைத் தோட்டாவின் அடியில் சிற்றெழுத்துகளில் பொறிக்கப்பட்டிருக்கிறது. விட்வொர்த்தின் துப்பாக்கியைவிடப் பன்மடங்கு துல்லியமான கருவியை இன்று ஒரு சாதாரண உழைப்பாளி சில வாரச் சம்பளத்தில் வாங்கிவிடலாம். ஆனால் மகாராணிக்கு மட்டும் கிடைத்த ஒன்று அவனுக்கு எந்தக் கடையிலும் கிடைக்காது. பட்டுக் கயிற்றை நீட்டிக்கொண்டு யாரும் அவன் பக்கத்தில் நிற்கப்போவதில்லை. காற்றைப் பார்த்து, மூச்சை அடக்கி, குறியை அவனேதான் வைக்க வேண்டும்.